தாயை இழந்த தெருப்பூனைக் குட்டிகளை வீட்டில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், பரணிலும், நாள்கணக்கில் எடுக்காமல் நிற்கும் கார்களின் கீழும் தெருப்பூனைகள் குட்டி போடுகின்றன. அந்தக் குட்டிகளைக் கண்டெடுக்கும் பெரும்பாலானோரின் கை முதலில் பால் பாக்கெட்டைத்தான் தேடுகிறது. உண்மையில் பால் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். தாய் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை, குட்டியின் உடலைக் கதகதப்பாக்குவது இரண்டாவது. இந்த வரிசை மாறுவதாலேயே பல குட்டிகள் முதல் நாளிலேயே இறந்துபோகின்றன என்பதால், கீழுள்ள பதில்களும் அதே வரிசையில் செல்கின்றன.

குட்டிகள் மட்டும் தனியாகக் கிடக்கின்றன. உடனே எடுத்து வந்துவிடலாமா?

ஆபத்து எதுவும் இல்லையென்றால் எடுக்க வேண்டாம். தாய்ப்பூனை இரை தேடிச் சில மணி நேரம் வெளியே போவது இயல்பு. ஒரு மறைவிடத்திலிருந்து இன்னொன்றுக்குக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும்போது, கடைசிக் குட்டி கைவிடப்பட்டது போலத் தோன்றுவதும் உண்டு. நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது வராது. ஆகவே விலகிச் சென்று, சன்னல் வழியாகவோ தொலைவிலிருந்தோ கவனியுங்கள். அதற்கும் வாய்ப்பில்லையென்றால் குட்டிகளைச் சுற்றி ஒரு வளையமாக அரிசி மாவைத் தூவி வைத்தால், தாய் வந்து போனதை மாவில் பதிந்த காலடித் தடம் காட்டிக்கொடுக்கும்.

குட்டிகளே பாதி விடையைச் சொல்லிவிடும். உடல் சுத்தமாகவும் வயிறு நிறைந்தும் இருந்து, ஒன்றோடொன்று ஒட்டி அமைதியாகத் தூங்கினால் தாய் வந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உடல் அழுக்கேறி, வயிறு ஒட்டி, எறும்பு மொய்த்து, விடாமல் கத்திக்கொண்டிருந்தால் தாய் நெடுநேரமாக வரவில்லை. எறும்பு மொய்க்கும் குட்டியையும், நாய்களுக்கோ காக்கைகளுக்கோ எட்டும் இடத்தில் கிடப்பதையும், மழையில் நனைந்ததையும், தொட்டால் சில்லென்று இருப்பதையும் காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும். தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தாலும் அப்படியே.

மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

பொதுவாக ஒதுக்குவதில்லை. வெயிலிலோ வடிகாலிலோ கிடக்கும் குட்டியை எடுத்துச் சில அடி தள்ளிப் பாதுகாப்பான நிழலில் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்தாலும், அதன் குரலைக் கேட்டுத் தாய் வந்து கவ்விச் செல்லும். ஆள் நடமாட்டம் ஓயாமல் இருந்தால்தான் அது குட்டிகளை வேறிடத்துக்கு மாற்ற முனையும். அதனால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாமல் தடுப்பதே நீங்கள் தாய்க்குச் செய்யும் பெரிய உதவி.

குட்டியின் வயதை எப்படிக் கணிப்பது?

பிறந்த குட்டி ஏறத்தாழ 80 முதல் 120 கிராம் எடை இருக்கும். கண் மூடியிருக்கும், காதுமடல் தலையோடு ஒட்டியிருக்கும். தொப்புள்கொடி காய்ந்து தொங்கினால் வயது ஐந்து நாளுக்குள். கண்கள் 7 முதல் 14 நாள்களுக்குள் மெல்லத் திறக்கின்றன. தானாகத் திறக்குமுன் விரலால் பிரிக்கக் கூடாது. ஈறில் அரிசி நுனி போன்ற முன்பற்கள் தட்டுப்பட்டால் இரண்டிலிருந்து மூன்று வாரம், கோரைப்பற்கள் முளைத்தால் மூன்றிலிருந்து நான்கு வாரம். நான்கு வாரக் குட்டி ஏறத்தாழ 400 கிராம் எடையோடு, வாலைத் தூக்கிக்கொண்டு தடுமாறாமல் நடக்கும். வயதைத் தெரிந்துகொள்ளாமல் உணவையோ மருந்தையோ முடிவுசெய்ய இயலாது.

குட்டி சில்லென்று இருக்கிறது, வாயையும் அசைக்கவில்லை. கொஞ்சம் பால் ஊற்றினால் தெம்பு வராதா?

வராது. உடல் குளிர்ந்த குட்டியின் குடல் இயங்குவதில்லை. அந்த நிலையில் உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கும், அல்லது விழுங்கும் திறன் குறைந்திருப்பதால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பச்சைக் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றலும் கிடையாது. முதல் வாரத்தில் அதன் இயல்பான உடல் வெப்பமே 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். நான்காவது வாரத்தை ஒட்டித்தான் பெரிய பூனைகளின் 38 டிகிரி அளவை எட்டுகிறது.

எனவே முதலில் குட்டியை உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, உங்கள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பையையோ வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலையோ இரண்டு சுற்றுத் துணியில் பொதிந்து பக்கத்தில் வையுங்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மெதுவாகச் சூடேற வேண்டும். முடி உலர்த்தும் கருவியை நேராகக் காட்டுவதும், வெந்நீரில் முக்குவதும், அடுப்பருகே வைப்பதும் உயிருக்கே ஆபத்தாக முடியும். வாய்க்குள் விரலை வைத்துப் பார்க்கும்போது கதகதப்பு தெரிந்து, குட்டி தலையைத் திருப்பித் தேடத் தொடங்கிய பிறகே உணவு. அப்போதும் சோர்ந்திருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோசை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஈறில் ஓரிரு சொட்டுத் தடவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் கூடவா வெப்பம் தர வேண்டும்?

முதல் வாரக் குட்டிக்குச் சுற்றுப்புறம் 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். சித்திரை, வைகாசிப் பகல்களில் அறையே அதைத் தாண்டிவிடும் என்பதால் அப்போது வெந்நீர்ப் பை தேவைப்படாது, நிழலும் காற்றோட்டமுமே முக்கியம். ஆனால் ஐப்பசி மழையிலும் மார்கழி விடியலிலும், ஏசி ஓடும் அறையிலும், மின்விசிறிக்கு நேர் கீழேயும் குட்டிகள் விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. உயரமான அட்டைப் பெட்டியில் பழைய வேட்டித் துணியை விரித்து, பாதிப் பக்கத்தில் மட்டும் வெப்பம் வையுங்கள். சூடு மிகுந்தால் மறுபாதிக்கு ஊர்ந்து போக இடம் இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் பரந்து கிடந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம்.

பசும்பால் கொடுக்கவே கூடாதா? எங்கள் வீட்டில் காலங்காலமாகப் பூனைக்குப் பால்தானே வைக்கிறோம்?

வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்கிற பெரிய பூனை, நீங்கள் வைக்கும் பாலைக் கூடுதலாகத்தான் குடிக்கிறது. பாலை மட்டுமே நம்பியிருக்கும் பச்சைக் குட்டியின் நிலை வேறு. பூனையின் பாலில் பசும்பாலைப்போல் இரு மடங்குக்கும் மேல் புரதம் இருக்கிறது, கொழுப்பும் அதிகம். பசும்பாலில் புரதம் மூன்றரை சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வளர்ச்சிக்குத் தேவையான சத்தைப் பசும்பாலிலிருந்தே பெற வேண்டுமானால் குட்டி மிக அதிக அளவு குடிக்க வேண்டியிருக்கும். அப்போது பால் சர்க்கரையான லாக்டோஸும் அளவுக்கு மீறி உள்ளே போய்க் கழிச்சலை உண்டாக்கும். 100 கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு நாள் கழிச்சலே நீரிழப்பில் முடியப் போதுமானது.

ஆவின் ஆரஞ்சு உறைப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். கொழுப்புக் குறையை அது ஓரளவு ஈடுகட்டும், புரதக் குறையை ஈடுகட்டாது. தண்ணீர் கலந்து கொடுத்தால் செரிக்கும் என்ற எண்ணம் இன்னும் தவறானது, ஏனென்றால் ஏற்கெனவே போதாத சத்து மேலும் பாதியாகிறது. ஆட்டுப்பாலும் புரதத்திலும் லாக்டோஸிலும் ஏறக்குறையப் பசும்பாலை ஒத்ததே. குழந்தைகளுக்கான பால்மாவு, தேங்காய்ப்பால், சோயாப்பால் எதுவும் பொருந்தாது. செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரித்த பால்மாவு கிடைக்கிறது. அதை டப்பாவில் அச்சிட்ட அளவில் கரைத்துக் கொடுப்பதே முறை. அருகில் சமீபத்தில் குட்டி போட்ட வளர்ப்புப் பூனை இருந்து, அது ஏற்றுக்கொண்டால், எந்தப் பால்மாவையும்விட அது மேலானது.

இரவு பத்து மணிக்குக் குட்டி கிடைத்தது. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. விடியும்வரை என்ன கொடுப்பது?

தண்ணீர் சேர்க்காத, காய்ச்சி ஆறிய நிறைகொழுப்புப் பால் 240 மி.லி., புதிய முட்டையின் மஞ்சள் கரு இரண்டு, சமையல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை நன்றாக அடித்து வடிகட்டி, வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கலாம். முட்டையின் வெள்ளைக் கரு வேண்டாம், தேனும் வேண்டாம். இந்தக் கலவை ஓர் இரவைக் கடக்க மட்டுமே. மறுநாள் பால்மாவு வாங்கியே ஆக வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணிக்கு ஒரு முறை?

பொதுவான கணக்கு, 100 கிராம் உடல் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 மி.லி. கரைத்த பால். பச்சைக் குட்டியின் இரைப்பை மிகச் சிறியதாதலால் ஒரு வேளைக்கு 100 கிராமுக்கு 4 மி.லி.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. முதல் வாரத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் தவறாமல் ஊட்ட வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூன்று முதல் நான்கு மணி, மூன்றாம் வாரத்தில் நான்கு முதல் ஐந்து மணி, நான்காம் வாரத்தில் ஐந்து முதல் ஆறு மணி என்று இடைவெளி கூடும்.

இரவு ஊட்டல்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. காலையில் அலுவலகம் போகிற ஒருவர் தனியாகச் செய்யத் தொடங்கினால் மூன்றாம் நாளே தளர்ந்துவிடுவார். வீட்டில் இருவர் முறைவைத்துச் செய்ய முடியாதென்றால், அனுபவமுள்ள இன்னொரு வளர்ப்பாளரிடம் குட்டியை ஒப்படைப்பது எந்த வகையிலும் குறையாகாது. குட்டிக்கு வேண்டியது இரவு இரண்டு மணிக்கும் எழுந்து வரும் ஒரு கை. அது யாருடைய கை என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பாலாடையிலோ சங்கிலோ ஊற்றலாமா? எப்படிப் பிடித்து ஊட்டுவது?

பாலாடையும் சங்கும் வேண்டவே வேண்டாம். கைக்குழந்தையைப்போல் மல்லாக்கக் கிடத்தி வாயில் ஊற்றினால் குட்டிக்குப் புரை ஏறும். நுரையீரலுக்குள் போன பால் நிமோனியாவை உண்டாக்கி ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். கையால் வளர்க்கப்படும் குட்டிகளின் சாவுக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

தாயிடம் குடிக்கும்போது குட்டி குப்புறப் படுத்து, தலையைச் சற்றே நிமிர்த்தியிருக்கும். அதே நிலையில் மடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் விடுங்கள். முன்னங்கால்கள் துண்டைப் பற்றிப் பிசைய இடம் கொடுங்கள். பூனைக்குட்டிகளுக்கான சிறு பாட்டில் இருந்தால் நல்லது. மிகச் சிறிய குட்டிக்கு ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சு போதும். பால் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். சிரிஞ்சின் முனையை வாயின் ஓரமாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குட்டி உறிஞ்சும் வேகத்துக்கு நீங்கள் ஈடுகொடுக்க வேண்டுமேயன்றி அதை அவசரப்படுத்தக் கூடாது. ஒழுங்காகக் குடிக்கிற குட்டியின் நாக்கு முனையைச் சுற்றிக் குழாய்போல் மடங்கும், ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் காதுகள் முன்னும் பின்னும் துடிக்கும். காது அசைவது நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். மூக்கில் பால் குமிழ் தெரிந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். முடிந்ததும் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள்.

கரைத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரு முறை சூடாக்கி மீந்ததை மறுபடி சூடாக்கிக் கொடுக்கவும் வேண்டாம். பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

நன்றாகக் குடிக்கிறது, ஆனால் சிறுநீரே போகவில்லையே?

மூன்று வாரம் வரை குட்டியால் தானாகக் கழிக்க இயலாது. தாய் நக்கித் தூண்டிவிடும். அதன் இடத்தில் நீங்கள், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், ஒவ்வொரு ஊட்டலின்போதும் அடிப்பகுதியை மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும். சில நொடிகளிலேயே சிறுநீர் வரும். மலம் ஒரு நாளைக்கு ஓரிரு முறை வந்தால் போதும். கடுகு விழுதுபோல் மஞ்சளாக இருப்பது இயல்பு. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து போதவில்லை. நான்காவது வாரத்தில் ஆழமில்லாத தட்டில் மணலோ கிழித்த செய்தித்தாளோ போட்டு வைத்தால் தானே பழகிக்கொள்ளும். நனைந்தால் கட்டியாகும் கடை மணலைக் குட்டிகள் தின்றுவிடக்கூடும் என்பதால் இந்த வயதில் தவிர்க்கவும்.

வளர்கிறதா என்று எப்படி அறிவது?

கிராம் காட்டும் சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஊட்டுவதற்கு முன் எடைபோட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை இரட்டிக்கும். ஒரு நாள் எடை ஏறாமல் நின்றால் கவனிக்க வேண்டும். எடை குறைந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டி சோர்வது கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தராசு சொல்லிவிடுகிறது.

குட்டிகள் ஒன்றையொன்று சப்பிக்கொண்டே இருக்கின்றன. விளையாட்டா?

தாய்க்காம்பு கிடைக்காத குட்டிகள் உடன்பிறந்தவற்றின் அடிவயிற்றையும் பிறப்புறுப்பையும் சப்பும். புண்ணாகி வீங்கிச் சிறுநீர்ப்பாதையே அடைபடலாம். சிவந்திருப்பதைக் கண்டவுடன் குட்டிகளுக்கிடையே தடுப்பு வைத்துப் பிரித்து, ஊட்டும் நேரத்தைச் சற்று நெருக்கமாக்குங்கள்.

உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. என்ன பூசலாம்?

எதையும் பூச வேண்டாம். நாய்களுக்கு விற்கும் பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைகளைக் கொல்லும் நஞ்சு. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், கற்பூரத் தைலம் எல்லாவற்றையும் குட்டி நக்கி விழுங்கிவிடும். ஆனால் தெள்ளுப்பூச்சியை அப்படியே விடுவதும் ஆபத்தே, ஏனெனில் அவை குடிக்கும் இரத்தமே சிறு குட்டிக்குச் சோகை வரப் போதும். பேன் சீப்பால் சீவி, சீப்பைச் சோப்பு நீரில் முக்கி முக்கி எடுங்கள். மிக அதிகமாக இருந்தால் கழுத்துவரை மட்டும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் விரைவாகக் கழுவி, உடனே முழுவதும் உலர்த்திக் கதகதப்பாக்குங்கள். படுக்கைத் துணியைத் தினமும் மாற்றி வெந்நீரில் துவையுங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்காதீர்கள்.

தரையைத் துடைக்கும் பினாயிலும், துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் பூனைகளுக்கு நஞ்சு. மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு போதும், பூனை இறந்துவிடும்.

பாலை எப்போது நிறுத்துவது? எங்களுடையது சைவ வீடு, தயிர்ச்சோறு கொடுத்து வளர்க்கலாமா?

நான்காவது வாரத்தில் பால்மாவில் பூனைக்குட்டி உணவைக் கூழாகக் கரைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் காலால் மிதித்து முகமெல்லாம் பூசிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் நக்கத் தெரிந்துகொள்ளும். பாட்டிலைப் படிப்படியாகக் குறைத்து, எட்டாவது வாரத்துக்குள் முழுவதும் திட உணவுக்கு மாற்றிவிடலாம்.

பூனை ஊனுண்ணி என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இறைச்சியில் மட்டுமே போதுமான அளவில் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குப் பார்வை போகும், இதயத்தசை பலவீனப்படும். தயிர்ச்சோற்றிலும் பருப்புச் சோற்றிலும் அது கிடைக்காது. சைவ உணவு உண்போர் வீட்டில் இறைச்சி சமைக்க வேண்டிய கட்டாயமில்லை. கடைகளில் விற்கும் பூனைக்குட்டிகளுக்கான உலர் உணவில் தேவையான எல்லாச் சத்துகளும் சேர்க்கப்பட்டுள்ளன, அதை ஊறவைத்துக் கொடுத்தால் போதும். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் குட்டியை வேறொரு வீட்டுக்குக் கொடுப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

அசைவ வீடுகளில் வேறொரு தவறு நேர்கிறது. எலும்பில்லாத கோழிக்கறியை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, மேசையிலிருந்து குதித்தாலே கால் முறிகிற அளவுக்கு எலும்பு மெலிந்துவிடும். வேகவைத்த மீன், கோழி ஆகியவை துணை உணவாக இருக்கட்டும். கருவாட்டில் உப்பு அதிகம்; வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

புழு மருந்து, தடுப்பூசி எப்போது?

தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழுக்கள் குட்டிக்கு வந்துவிடுவதால், இரண்டு மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை புழு நீக்க வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போடப்படுகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வாரத்தில். கொண்டுவந்த குட்டியை வீட்டிலுள்ள மற்றப் பூனைகளோடு சேர்க்காமல் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். அம்மூன்றில் ஒன்றான பான்லூகோபீனியா கிருமி ஓராண்டு வரைகூடத் தரையில் உயிரோடு இருந்து, வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் பூனைகளுக்குச் சிகிச்சை உண்டு. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகத்தை முதலில் அணுகலாம்.

ஆறு வாரக் குட்டி சீறுகிறது, கையைக் கீறிவிட்டது. பழகுமா? எங்களுக்கு ஆபத்து உண்டா?

பழகும். இரண்டு முதல் ஏழு வாரம் வரை மனிதரை ஏற்றுக்கொள்ளும் பருவம். சீறுவது கோபமன்று, அச்சம். சிறிய, அமைதியான அறையில் வைத்து, உங்கள் கையிலிருந்து மட்டுமே உணவு கிடைக்கச் செய்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தையும் தலையையும் வருடுங்கள். கூட்டமாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்குங்கள். மூன்று மாதம் கடந்த குட்டியைப் பழக்குவது மிகக் கடினம், அதைக் கருத்தடை செய்து அதன் இடத்திலேயே விடுவது நல்லது.

கீறலோ கடியோ பட்டால், அது பச்சைக் குட்டியாகவே இருந்தாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். கருவுற்ற பெண்கள் மலத்தட்டைக் கையாளாமல் வேறொருவரிடம் விட வேண்டும். மலத்தில் வெளிப்படும் டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் தன்மை பெற ஒரு நாளாவது ஆகுமாதலால், தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து குறைகிறது. குட்டியின் முகத்திலோ காதிலோ முடி உதிர்ந்து வட்டமாகச் செதில் தெரிந்தால் அது படர்தாமரை, மனிதருக்கும் ஒட்டும்.

வளர்ந்த பிறகு திரும்பத் தெருவிலேயே விட்டுவிடலாமா?

கையில் வளர்ந்த பூனைக்கு நாயையும் வண்டியையும் கண்டு விலகத் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். எட்டு வாரத்துக்குப் பிறகு, தடுப்பூசி அட்டையோடு, வீட்டின் சன்னல்களுக்கு வலையிருக்கிறதா என்று நேரில் பார்த்து, நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். முடிந்தால் உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தே கொடுங்கள். நான்கு, ஐந்து மாதத்தில் கருத்தடை செய்வதாக உறுதி வாங்கிக்கொண்டு, அந்த மாதம் வந்ததும் நீங்களே நினைவூட்டுங்கள்.

தாய் உயிரோடு இருந்து, குட்டிகளை மட்டும் எடுக்க நேர்ந்திருந்தால், அதையும் விட்டுவிடாதீர்கள். பால் கொடுக்கும் காலத்திலேயே அது மறுபடி சினைப்படக்கூடும், அதன்பின் ஒன்பது வாரத்தில் அடுத்த ஈற்று வரும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைத்து அதைப் பழக்குங்கள். பிறகு அந்த உணவைக் கூண்டின் வாயிலிலும், சில நாள் கழித்துக் கூண்டுக்குள்ளும் வைத்தால், கருத்தடைக்குக் கொண்டுபோகத் துரத்திப் பிடிக்க வேண்டிய தேவை இருக்காது.